மூழ்கிய வயலில் இறால் குஞ்சு

அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் ஒச்சம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டால் தெரியாது என்றுதான் பலரும் சொல்வார்கள். "ஜீங்கா தீதி வீடு" என்று கேட்டால் மளிகைக் கடைக்காரரே எழுந்து வந்து சந்து முனை வரை கூட்டிப்போய்க் காட்டுவார். தீவு இந்தியில் ஜீங்கா என்றால் இறால். இறால் அக்கா. அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று அவளுக்கே நினைவில்லை. மாதம் ஒருமுறை முழங்கால் வரை சேறும் தோளில் வலையுமாகப் பஸ்ஸை விட்டு இறங்குகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? "ஆஜ் கித்னா பச்சா, தீதி?" என்று கண்டக்டர் கேட்பார். இன்றைக்கு எத்தனை குழந்தைகள் என்று அர்த்தம். "நூத்தி எழுபத்தி ரெண்டு" என்று அவள் முகம் மாறாமல் பதில் சொல்வாள். புதிதாகத் தீவுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். மூன்று பெண்களில் மூத்தவள் ஒச்சம்மா. பத்தாவது முடித்ததும் மீன்வள ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் டி.ஆர்.எம் என்று தீவில் சொல்லும் தினக்கூலி வேலை கிடைத்தது. பெருக்கித் துடைத்து, ஆய்வகத்துக் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கும் வேலை. 1997இல் ஒருநாள், நாலாவில் வலை இழுக்க வேண்டிய ஆள் மணல் ஈக் கடி தாங்காமல் வேலையை விட்டு ஓடிவிட்டான். விஞ்ஞானி சந்திரசேகர் வராந்தாவில் நின்று, யாராவது வருகிறீர்களா என்று பொதுவாகக் கேட்டார். ஒச்சம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

கடல் உள்ளே புகுந்து வரும் ஓடையைத் தீவில் நாலா என்பார்கள். அவர்கள் போனது கேக்டா நாலா. இரு பக்கமும் அலையாத்தி மரங்கள் முட்டுக்கால் போட்டது போல வேரூன்றி நின்றன. வாய்ப்பக்கம் கடற்புல் மெத்தை. அமாவாசை அன்று பிற்பகலில் தண்ணீர் நன்றாக வற்றும். அப்போது வேர்களின் ஓரமாக ஐம்பது எட்டு எடுத்து வைத்து, புல்லின் மேல் ஐம்பது எட்டு எடுத்து வைத்து வலையை இழுக்க வேண்டும். விழுந்த இறால் குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, இனம் பிரித்து, எண்ணி, சிலவற்றை அளந்து, நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மழை பெய்து அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் தட்டைப் பார்த்தபோது ஒச்சம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டிரண்டாகக் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன. அவை கண்கள். கண்களைக் கண்டதும் உடம்பும் தெரிந்தது. நகத்தின் நீளத்துக்குக் கண்ணாடி கண்ணாடியாக, உள்ளே குடல் ஒரு நூலாக ஓட, நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனை நாளைக்கு இப்படி எண்ணணும் சார்?"

"இரண்டு வருஷம். அதற்குள் ஒரு கணக்கு பிடிபட்டுவிடும்."

இரண்டு வருடம் முடிந்ததும், இன்னும் இரண்டு வருடம் என்றார். பிறகு மாற்றலாகி மெயின்லேண்டு போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் நிறுத்தவும் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை. ஒச்சம்மா தொடர்ந்தாள். மழைக்காலத்தில் முந்நூறு வரை ஏறும், வெயில் மாதங்களில் நூறுக்கு இறங்கும், மறுபடி ஏறும். தங்கைகளுக்குக் கல்யாணமானது. இவளுக்கும் வரன்கள் வந்தன. ஒருவர் வேலையை விடச் சொன்னார். இன்னொருவர் அமாவாசைக்கு மட்டும் வீட்டில் இருந்தால் போதும் என்றார். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

2004 டிசம்பரில் பூமி ஆடியது. பின்னாலேயே கடல் வந்தது. போனவர்களுக்காகத் தீவு முழுவதும் அழுது ஓய்ந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. தெற்கு அந்தமானின் தரையே ஓர் ஆள் இடுப்பளவு கீழே இறங்கியிருந்தது. வந்த கடல் பல இடங்களில் திரும்பிப் போகவே இல்லை. நெல் வயல்கள் ஏரிகளாக நின்றன.

கேக்டா நாலாவில் அலையாத்தி மரங்களின் வேர்கள் வற்றத்திலும் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. மூச்சு முட்டிய மரங்கள் நின்றபடியே காய்ந்தன. கடற்புல்லைச் சேறு மூடியது. தட்டில் அறுபது விழுந்தது, பிறகு நாற்பது, பிறகு ஒன்பது. 2008இல் மூன்று மாதம் தொடர்ந்து பூஜ்யம்.

"நாலா செத்துப்போயிருச்சு. பூஜ்யத்தை எழுத எதுக்கு ஜீப்பு? அடுத்த மாசத்தோட விட்டுருங்க" என்றார் புதிய அதிகாரி.

"நாலா செத்துருக்கலாம் சார். கடல் சாகலையே. அங்கேயிருந்து வர்ற குஞ்சுக எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

அவர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. ஜீப்பை மட்டும் நிறுத்திவிட்டார். ஒச்சம்மா பஸ்ஸில் போனாள்.

2009இல் ஓர் அமாவாசை. தட்டில் இரண்டே இரண்டு. வலையை அலசிக்கொண்டு நின்றபோது கணுக்காலில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்து பார்த்தாள். கண்ணாடித் துணுக்குகளாகக் குஞ்சுகள், காலைச் சுற்றிக்கொண்டு ஓடின. ஆனால் அவை கடலிலிருந்து வரவில்லை, மேலேயிருந்து வடிகிற தண்ணீரோடு வந்துகொண்டிருந்தன. அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தாள். வளைவைத் தாண்டியதும் உடைந்த வரப்பு ஒன்று. அதற்கப்பால் ஒன்றிரண்டு ஏக்கர் பரப்புக்குக் கடல் தண்ணீர். அதற்குள் முழங்கால் உயரத்தில் யாரும் நடாத அலையாத்திக் கன்றுகள், புதுப் பச்சையாக, நூற்றுக்கணக்கில். மேலேறிய அலைகளில் மிதந்து வந்த விதைகள் அங்கே ஊன்றிக்கொண்டிருந்தன.

அவள் வலையோடு உள்ளே இறங்கினாள்.

"யாரும்மா அது, வயல்ல எறங்குறது?"

வரப்பின் மேல் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். நாற்பது வயதிருக்கும். அவனுடைய ஷேர் ஆட்டோ ரோட்டோரம் நின்றது.

"இது வயலா?"

"ரெக்கார்டுல இன்னைக்கும் நெல்லு வயல்தான். நாகலிங்கம்னு பேரு போட்டிருக்கும், போய்ப் பாருங்க."

"அம்பது எட்டு மட்டும் இழுத்துக்கிறேன் அண்ணே. நெல்லு எதையும் மிதிக்க மாட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கேலி செய்யவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவன் வரப்பில் நின்று பார்த்தான். தட்டில் எண்பத்தெட்டு விழுந்தது. பெரிதாக வளரும், நல்ல விலை போகும் கருவண்டு இறால் குஞ்சுகளே பதினொன்று. ஒச்சம்மா தண்ணீருக்குள் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, கண்ணுல சேறு பட்டுருச்சா?"

"இல்லை அண்ணே. அஞ்சு வருஷமா தேடிக்கிட்டிருந்தேன். எல்லாம் உங்க வயல்ல இருக்குதுக."

நாகலிங்கத்தின் கதையும் அன்றே தெரிந்தது. அவனுடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து காட்டிலாகா வேலைக்கு வந்து, இங்கேயே நிலம் வாங்கியவர். நாகலிங்கத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த வருடத்தில்தான் கடல் வயலை எடுத்துக்கொண்டது. பெண் வீட்டார் திரும்பிப் போனார்கள். அவன் ஆட்டோ ஓட்டினான். தினமும் சவாரிக்கு நடுவில் வந்து வரப்பில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவான்.

அந்த மழைக்காலத்தில் வேறொரு நாலாவில் ஒருவரை முதலை பிடித்துவிட்டது. தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு போட்டார்கள். துணைக்கு அனுப்ப ஆள் இல்லை என்றும் சொன்னார்கள். ஒச்சம்மா வரப்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது நாகலிங்கம் மூங்கில் கழியோடு வந்தான்.

"எப்படியும் நான் இங்கே நிக்கிறவன்தான். தண்ணியைப் பாக்கறதுக்குப் பதிலா முதலையைப் பாக்குறேன். நீங்க எறங்குங்க."

முதல் ஆறு மாதத்தில் நான்கு முறை முதலை என்று கத்தினான். மூன்று முறை மரக்கட்டை, ஒரு முறை யாரோ எறிந்த டயர். ஏழாவது மாதம் அவன் கத்தவில்லை. மிகவும் சாதாரணமான குரலில், "ஒச்சம்மா, எண்ணுனது போதும். கையைக் கொடுங்க, மேலே வாங்க" என்றான். அவள் கை நீட்டினாள். மேலே இழுக்கப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தாள். இருபது எட்டு தூரத்தில், கன்றுகளுக்கு நடுவே இரண்டு கண்கள் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கின.

இருவரும் ஆட்டோ வரை நடந்தார்கள். அவள் வலையைப் பின் சீட்டில் வைத்தாள்.

"ரொம்ப நன்றி அண்ணே."

"அண்ணேன்னு கூப்பிட வேண்டாங்க."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

அவன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "இப்போதைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க வீட்டுல வந்து பேசுறேன். அதுக்கப்புறம் எப்படிக் கூப்பிடணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அமாவாசைக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன், தெரியுமில்ல?"

"நானும்தான் இருக்க மாட்டேன். கழி பிடிக்க யாரு வருவா?"

ஆவணியில் முருகன் கோயிலில் கல்யாணம். அந்த மாதம் அமாவாசையன்றும் மறுநாளும் விடாத மழை. மூன்றாம் நாள் முகூர்த்தம். அன்று மழை விட்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ஒச்சம்மா வானத்தைப் பார்த்தாள், நாகலிங்கம் அவளைப் பார்த்தான். பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு, மஞ்சள் கயிறு கழுத்தில் ஈரம் காயாமல் கிடக்க, அவள் ஆட்டோவில் ஏறினாள். தங்கைகளும் மாப்பிள்ளைகளும் இரண்டு ஆட்டோக்களில் பின்னால் வந்தார்கள். வரப்பு முழுக்க உறவினர்கள் நிற்க, புதுப்பெண் வலை இழுத்தாள். இருநூற்று நாலு. கல்யாணத்துக்கு வந்த வங்காளிப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணைக் கேட்டுக் கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

2014இல், மூழ்கிய நிலங்களை மீட்கும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. வெளி வரப்பைக் கட்டி, மதகு வைத்து, கடலை நிறுத்திவிட்டு மழைநீரால் உப்பைக் கழுவுவார்கள். கையெழுத்துப் போட்டால் போதும். நாகலிங்கம் அந்தக் காகிதத்தை லட்டுப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பத்து வருடமாக வரப்பில் நின்றவன் அல்லவா. ஒச்சம்மா லட்டை வாங்கித் தின்றாள். நல்லது என்றாள். பிறகு இரண்டு நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலையேன்."

"நெலம் உங்களுது. நீங்க நின்ன நிலை எனக்குத் தெரியும். நான் எந்த வாயால வேண்டாங்கிறது?"

அதே வாரம் அலுவலகப் படியில் தடுக்கி அவளுக்குக் கணுக்கால் பிசகியது. கால் பூசணிப்பிஞ்சு போல வீங்கிக் கிடக்க, அமாவாசை வந்தது. விடிந்ததிலிருந்து அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் நாகலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டோவில் தூக்கிப் போட்டான்.

"கெளம்பு. இன்னைக்கு நீ கழியைப் பிடி. நான் எறங்குறேன்."

வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் கழியோடு காவல் காத்தாள். ஐந்து வருடமாகப் பார்த்த வேலைதான் என்றாலும் அவனுக்குப் பத்தாவது எட்டிலேயே மூச்சு வாங்கியது.

"மெதுவாங்க. வலையோட அடி தரையில தொட்டுக்கிட்டே வரணும். நீங்க பறக்க விடுறீங்க."

"சேறு காலை விட மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் விட்டுதாக்கும்?"

ஐம்பது எட்டு முடிந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் எண்ண உட்கார்ந்தான். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"நானூத்தி பன்னெண்டு" என்றான். "அதுல கருவண்டு முப்பத்தி ஒண்ணு. சரியா?"

"சரிதான். தண்ணியில விட்டுருங்க."

தட்டைச் சாய்த்து, கடைசிக் குஞ்சு போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் எத்தனை நாளைக்கு இங்கே இருக்கும்?"

"ரெண்டு மூணு மாசம். கடல்ல பொறந்து, தம்மாத்தூண்டா இருக்கறப்போ கடல் ஏத்தத்துல உள்ளே வரும். வேருக்கு நடுவுல ஒளிஞ்சு, தின்னு, வெரல் நீளத்துக்கு ஆனதும் வெளியே போயிரும். ஹாஸ்டல் மாதிரி. பெரிய மீனு உள்ளே வர முடியாத இடமா இருக்கணும்."

"இந்த வயல்ல நான் ஒரு போகத்துக்கு மேல பாத்ததில்ல. இதுக மாசா மாசம் விளையுது" என்றான் அவன். வலையை அலசித் தோளில் போட்டுக்கொண்டான்.

மறு வாரம் திட்ட இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். நாகலிங்கம் அவரை வரப்பின் மேல் நடத்திக் கூட்டிப்போனான். வயலின் கீழ்ப்பாதி பள்ளம், கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. மேல்பாதி மேடு, பெரிய ஏற்றத்தில் மட்டும் நனையும்.

"சார், வரப்பை இங்கே குறுக்கே போடுங்க. மேல்பாதி நெல்லுக்கு. கீழ்ப்பாதி அப்படியே கடலுக்குத் தொறந்திருக்கட்டும்."

"டிராயிங்ல வெளி வரப்புதான் இருக்கு. அதை மாத்தறது லேசில்ல."

"டிராயிங்கு உங்களுது சார், வயலு என்னோடது. பாதி வேணும், பாதி வேண்டாம். எழுதிக்கொடுத்தா வாங்கிக்க மாட்டீங்களா?"

இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டார். இப்படி ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லை. எட்டு மாதம் கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் குறுக்கு வரப்புக்கு அனுமதி வந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரும் அப்படியே கேட்டார்கள். மூன்று மழைக்காலம் உப்பைக் கழுவிய பிறகு மேல்பாதியில் நெல் விளைந்தது. அந்தத் தைப் பொங்கலுக்கு ஒச்சம்மா அலுவலகம் முழுவதற்கும் பொங்கல் தூக்கிக்கொண்டு போனாள்.

குஞ்சுகள் எப்போதும் ஒரே நேராக ஏறவில்லை. 2016இல் கடல் சூடேறிய மாதங்களில் எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது. ஒச்சம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருடத்தில் மீண்டும் ஏறியது. 2020இல் ஊரடங்கு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். விவசாயி தன் வயலுக்குப் போகத் தடையில்லை என்று அறிவித்தார்கள். நாகலிங்கம் ரெக்கார்டு நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

2023இல் வைஜெயந்தி என்ற இளம் விஞ்ஞானி மெயின்லேண்டிலிருந்து வேலைக்குச் சேர்ந்தாள். இரும்பு அலமாரியில் எதையோ தேடப் போனவள் ஒச்சம்மாவின் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, தேட வந்ததை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் இருவருமாக எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். கோட்டுப் படம் திரையில் விழுந்த அன்று ஒச்சம்மா முதல்முறையாகத் தன் இருபத்தாறு வருடத்தை ஒரே பார்வையில் பார்த்தாள். நாலாவின் வாய்ப்பக்கத்துக் கோடு தரையோடு தரையாக விழுந்து, எழவே இல்லை. வயலின் கோடு தடுமாறித் தடுமாறி மேலேறி, பழைய நாலாவின் உயரத்தையும் தாண்டியிருந்தது.

"அக்கா, கடலோரத்துல எந்த எடம் செத்துச்சு, எந்த எடம் உயிர் பிடிச்சதுன்னு ஒரே ஆள் இத்தனை வருஷம் எண்ணிப் பாத்தது ரொம்ப அபூர்வம்" என்றாள் வைஜெயந்தி.

"பாத்துக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதாம்மா."

போர்ட் பிளேரில் நடந்த கருத்தரங்கில் வைஜெயந்தி படத்தைக் காட்டினாள். பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்தார். ஐம்பது எட்டு என்கிறீர்களே, இருபத்தைந்து வயதில் வைத்த எட்டும் ஐம்பது வயதில் வைக்கும் எட்டும் ஒன்றாகுமா என்று கேட்டார். வைஜெயந்தி திரும்பி ஒச்சம்மாவைப் பார்த்தாள். ஒச்சம்மா எழுந்து, மைக்கை வாங்காமலே தீவு இந்தியில் பதில் சொன்னாள். "ஆகாது ஸாப். அதனாலதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கயிறு போட்டு அளப்பேன். முட்டி வலி வந்ததிலேருந்து எட்டு சின்னதாப் போச்சு. இப்போ அதே தூரத்துக்கு அம்பத்தி நாலு எட்டு வைக்கிறேன். நோட்டுல ஓரத்துல எழுதியிருக்கும்." பேராசிரியர் சிரித்து, கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பலனாக அடுத்த வருடம் புது வேலை வந்தது. தெற்கே லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பே பக்கத்து ஓடை ஒன்றிலும் எண்ணிக்கை தொடங்க வேண்டும், ஒச்சம்மாதான் போய்த் தொடங்கிவைக்க வேண்டும் என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முதல்முறையாக ஹட் பே கப்பலில் ஏறினாள். நாகலிங்கம் லீவு போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ஆட்டோவைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தான். வழியெல்லாம் அவனுக்குத்தான் குமட்டியது. அவள் எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டு, மறு கையால் வலைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அமாவாசைப் பிற்பகல். அறியாத ஓடை, அறியாத சேறு. எங்கே கால் புதையும், எங்கே தாங்கும் என்று எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தாள். வரப்பு இல்லாததால் நாகலிங்கம் சாய்ந்த தென்னை ஒன்றின் மேல் ஏறி நின்று தண்ணீரைத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் கொட்டியபோது முதலில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அவள் குனிந்தாள்.

"எத்தனை?" என்று மேலேயிருந்து அவன் கேட்டான்.

"பொறுங்க. நகர்ந்துக்கிட்டே இருக்குதுக." உதடு அசைய மெல்ல எண்ணினாள். "இருபத்தி மூணு. அதுல ஒண்ணு எனக்குத் தெரியாத இனம்."

"தெரியாத இனமா?"

"ஆமா. வாலுல செவப்பா ஒரு கோடு. எறங்கி வாங்க, காட்டுறேன்."

அவன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மரத்தை விட்டு இறங்கினான்.